வனப்பெண்ணும் ஆறு சுங்குடிப் புடவைகளும்

ஜப்பானில் ஆண்டுக்கு இரு முறை துணி அலமாரியைக் கலைத்துப் போடுவது வழக்கம். ஜூன் முதல் தேதி கோடைக்காக, அக்டோபர் முதல் தேதி குளிருக்காக. 'கொரோமோகாயே' என்று அதற்குப் பெயர். உடை மாற்றம் என்பது நேர்ப்பொருள். முன்னொரு காலத்தில் அரசவைச் சடங்காக இருந்தது, இன்று பள்ளிச் சீருடைகளிலும் வீட்டு அலமாரிகளிலும் மிஞ்சி நிற்கிறது. தடித்த கருநீலச் சீருடையில் நேற்று வரை ரயிலேறிய பிள்ளைகள் இன்று வெள்ளை அரைக்கைச் சட்டையில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது, நாட்காட்டி கிழிக்காமலே மாதம் மாறியது தெரிந்துவிடும்.

சகோதரிகளான நாங்கள் இருவரும் டோக்கியோவின் கிழக்கோரத்தில், நிஷி கசாய் என்னும் பகுதியில் வசிக்கிறோம். 2000ஆம் ஆண்டையொட்டிக் கணினித் துறையினர் குடியேறத் தொடங்கியதிலிருந்து இந்தியக் குடும்பங்கள் நிறைந்துவிட்ட இடம். எங்கள் வேலையும் அதே துறைதான். 2024 ஜூன் முதல் தேதி, ஊரோடு ஒத்து வாழ்வோமே என்று நாங்களும் அலமாரியைத் திறந்தோம். இங்கே அதை 'ஓஷிஇரே' என்பார்கள். பாய்மெத்தைகளைச் சுருட்டி வைப்பதற்கான, நகரும் கதவு கொண்ட ஆழமான மாடம்.

உள்ளேயிருந்த துணிகளை எல்லாம் வெளியே எடுத்துத் தரையில் பரப்பிய பிறகுதான் ஓர் உண்மை உறைத்தது. கறுப்பு, சாம்பல், கருநீலம், மீண்டும் கறுப்பு. இருவருடைய துணிகளையும் கலந்து வைத்தால் யாருடையது எது என்று எங்களுக்கே தெரியாது. வேலை தேடும் இளைஞர்கள் அனைவரும் ஒரே கறுப்புக் கோட்டு அணியும் நாட்டில், நாங்களும் அந்தக் கறுப்பிலேயே தங்கிவிட்டோம். மாடத்தின் அடியில், சுவரோடு ஒட்டி, ஓர் அட்டைப்பெட்டி மட்டும் வெளியே எடுக்கப்படாமல் கிடந்தது. அதை இருவருமே பார்த்தோம். இருவருமே தொடவில்லை.

அதில் அம்மாவின் ஆறு சுங்குடிப் புடவைகள் இருந்தன.

அம்மா 2021 மே மாதம் மதுரையில் இறந்துபோனாள். தொற்றுக் காலப் பயணத் தடைகள் உச்சத்தில் இருந்த நேரம். கைபேசித் திரையில், ஆடும் காட்சியில், நான்கு பேர் மட்டும் நின்ற சுடுகாட்டைப் பார்த்தோம். அடுத்த ஆண்டின் இறுதியில்தான் ஊருக்குப் போக முடிந்தது. பட்டுப் புடவைகளை உறவினர்களுக்குக் கொடுத்துவிட்டு, அம்மா வீட்டில் கட்டிய ஆறு பருத்திப் புடவைகளை மட்டும் எடுத்து வந்தோம். வந்ததிலிருந்து பெட்டியைப் பிரிக்கவில்லை.

நிற்க.

அந்த மாதம் பழைய புத்தகக் கடைகள் வரிசை கட்டி நிற்கும் ஜிம்போச்சோ பகுதிக்குப் போயிருந்தோம். மலிவு விலைப் பெட்டியொன்றில் 2009 வாக்கில் வெளியான பெண்கள் இதழ் ஒன்று கிடைத்தது. அட்டையில் ஒரு பெண். தொளதொளப்பான பருத்தி அங்கி, அதன்மேல் இன்னோர் அங்கி, அதற்கும் மேலே கம்பளிச் சால்வை, தட்டையான தோல் செருப்பு, கையில் கூடை. எங்கேயோ காட்டுக்குள்ளிருந்து சுள்ளி பொறுக்கிவிட்டு வருபவளைப் போலிருந்தாள். தலைப்பு: 'மோரி கேர்ள்'. 'மோரி' என்றால் வனம். மரம் என்னும் எழுத்தை மூன்று முறை எழுதினால் அந்தச் சொல் வந்துவிடும்.

இந்த உடைப்பாணியின் கதை சுவையானது. 2006ஆம் ஆண்டு, 'மிக்ஸி' என்னும் ஜப்பானியச் சமூக வலைத்தளத்தில் ஒரு பெண் தொடங்கிய குழுவிலிருந்து இது பரவியது. 'நீ காட்டில் இருப்பவளைப் போலிருக்கிறாய்' என்று தோழி ஒருத்தி அவளிடம் சொன்னாளாம். அதையே பெயராக்கி, வனப்பெண்ணின் குணங்கள் இன்னின்ன என்று ஒரு நீண்ட பட்டியலும் உருவாயிற்று. உடலை இறுக்காத, கீழே விரியும் அங்கி. பருத்தி, லினன், கம்பளி. வெண்ணெய் நிறம், பாசிப்பச்சை, மண்நிறம், பழுத்த திராட்சை நிறம். பாட்டி காலத்துச் சரிகைப் பின்னல். கைக்கடிகாரத்தை விடச் சட்டைப்பைக் கடிகாரம். துணியோடு பழக்கங்களும் சேர்ந்தே பட்டியலிடப்பட்டன: காமிராவோடு காலாற நடப்பது, சிறிய காப்பிக் கடைகளைத் தேடிப் போவது, படக்கதைப் புத்தகங்களை விரும்புவது.

அதே 2006இல் வெளியான 'ஹனி அண்ட் க்ளோவர்' திரைப்படத்தில் ஹகுமி என்னும் ஓவிய மாணவியாக நடித்த ஆயோய் யூ இந்தப் பாணியின் முகமாகக் கருதப்பட்டார். அது உமினோ சிகாவின் படக்கதையிலிருந்து எடுக்கப்பட்ட படம். ஷிபுயாவில் வெயிலில் கருக்கிய தோலும் உயர்ந்த குதிகாலுமாகப் பெண்கள் உலவிய காலத்தின் பின்பகுதியில், யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்வதைப் போல வந்த உடை இது. பிறகு கடைகள் அதைக் கையிலெடுத்தன. இதழ்கள் சிறப்பு மலர் போட்டன. சில ஆண்டுகளில் அலை ஓய்ந்தது. நாகரிகத்தின் கணக்கில் இன்று அது பழங்கதை.

ஆனால் எங்களுக்குப் புதிதாயிற்றே! கறுப்பு மலையைக் கண்டு சலித்திருந்த நாங்கள், வனப்பெண்களாகிவிடுவது என்று முடிவு செய்தோம்.

*

முதல் முயற்சி படுதோல்வி. பழைய உடுப்புக் கடைகள் மலிந்த ஷிமோகிதசாவாவுக்குப் போய், இதழைப் பார்த்துப் பார்த்து வாங்கினோம். வெண்ணெய் நிற அங்கிகள் இரண்டு, சரிகைக் கழுத்துப்பட்டை ஒன்று, கூடை ஒன்று. வீட்டுக்கு வந்து உடுத்திக் கண்ணாடி முன் நின்றால், பள்ளி ஆண்டு விழாவில் மேரி மாதாவாக வேடமிட்ட பிள்ளைகளைப் போலிருந்தோம். இதழின் பெண்ணுக்குப் பனிமூட்டம் போலப் பொருந்திய அந்த நிறம், எங்கள் மாநிறத்தின்மேல் சுண்ணாம்பு பூசியதாகக் கிடந்தது. அங்கியைக் கழற்றி மடிக்கும்போது உட்பக்கத்துச் சீட்டு கண்ணில் பட்டது. பருத்தி நூறு விழுக்காடு, இந்தியத் தயாரிப்பு! ஜப்பானின் வனத்தைத் தேடிப் போய், நம் ஊர்ப் பருத்தியைச் சுற்றி வளைத்து விலை கொடுத்து வாங்கி வந்திருக்கிறோம். அன்றிரவு நெடுநேரம் சிரித்தோம். அட்டைப்பெட்டியைப் பற்றி அப்போதும் இருவரும் பேசவில்லை.

பிழை எங்கே என்று யோசித்தபோது, இயற்கையை உடுத்துவது ஜப்பானில் 2006இல் தொடங்கியதல்ல என்பது நினைவுக்கு வந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஹெயான் காலத்து அரசவைப் பெண்கள் பட்டாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அணிந்தார்கள். அந்த அடுக்குகளின் நிறச் சேர்க்கைகளுக்குச் செடிகொடிகளின் பெயர். 'சகுரா' என்னும் சேர்க்கையில் மேலே மெல்லிய வெள்ளைப் பட்டு, உள்ளே சிவப்பு. உள்ளிருக்கும் சிவப்பு வெள்ளையின் வழியே கசிந்து செர்ரிப் பூவின் இளஞ்சிவப்பாகத் தெரியும். ஆடையில் எங்கும் பூவின் உருவம் கிடையாது. நிறமும் பருவமும் மட்டுமே பூவைச் சொல்லும். 'தலையணைக் குறிப்புகள்' எழுதிய செய் ஷோனகோன், பருவம் கடந்த பிறகும் செம்பிளம் நிற ஆடையை அணிவதை மனத்தைச் சோர வைப்பவற்றின் வரிசையில் சேர்த்திருக்கிறார்.

நம் காலத்திலும் ஒரு சான்று உண்டு. 1924இல் பிறந்த ஷிமுரா ஃபுகுமி, செடிகொடிச் சாயத்தில் தோய்த்த நூலால் கிமோனோ நெய்தவர். 1990இல் ஜப்பான் அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' ஆக்கியது. கவிஞர் ஓஓகா மகோத்தோ அவரைச் சந்தித்ததைப் பற்றி எழுதிய கட்டுரை, ஜப்பானியப் பள்ளிப் பாடநூலில் இடம்பெற்ற ஒன்று. ஷிமுரா காட்டிய இளஞ்சிவப்பு ஆடையைக் கண்டு, இது செர்ரிப் பூவிதழிலிருந்து எடுத்த நிறம் என்று கவிஞர் நினைத்துக்கொள்கிறார். இல்லை, கரடுமுரடான பட்டையிலிருந்து வந்தது என்கிறார் ஷிமுரா. அதுவும் எந்த நாளிலும் கிடைக்காது. மரம் பூக்கப்போகும் தறுவாயில் எடுத்த பட்டையில்தான் அந்த நிறம் ஏறும். பூ வெளியே தெரிவதற்கு முன்பே மரம் முழுவதும் அந்த நிறத்துக்காக உழைத்துக்கொண்டிருக்கிறது.

இதைப் படித்த பிறகு, வெண்ணெய் நிற அங்கி ஏன் வேடமாகத் தெரிந்தது என்பது விளங்கிற்று. அது எங்கள் மரத்தின் பட்டையிலிருந்து வரவில்லை.

*

ஜூலை முதல் வாரம், மழைக்காலத்தின் இடைவெளியில், ஹராஜுகுவுக்குப் போனோம். இளைஞர் நாகரிகத்தின் தலைநகரம் என்று சொல்லத்தக்க அந்த ரயில் நிலையத்துக்கு அருகிலேயே மெய்ஜி ஆலயத்தின் வனம் தொடங்குகிறது. ஏறத்தாழ 70 ஹெக்டேர். நூற்றாண்டுக்கு முன் அங்கே இப்படியொரு காடு இல்லை. 1920இல் ஆலயம் நிறுவப்பட்டபோது, நாடெங்கிலுமிருந்து மக்கள் நன்கொடையாக அனுப்பிய சுமார் 1,00,000 மரங்களைக் கொண்டு நட்டு உருவாக்கிய காடு. நிமிர்ந்த தேவதாரு போன்ற மரங்களே ஆலயத்துக்கு அழகு என்று அன்றைய பிரதமர் ஓகுமா விரும்பினார். இந்த மண்ணுக்கும் நகரத்தின் புகைக்கும் அவை தாங்கா என்று மறுத்தார் வனவியல் அறிஞர் ஹோண்டா செய்ரோகு. அகன்ற இலைகொண்ட பசுமைமாறா மரங்களை முதன்மையாக வைத்து, நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் மனிதக் கை படாமலே தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் வனமாகும்படி அவரும் அவருடைய மாணவர்களும் திட்டமிட்டார்கள்.

எங்களை நிறுத்தியது மரங்களல்ல, ஒரு துடைப்பம். ஆளுயர அகலத் துடைப்பத்தால் ஒருவர் சரளைப் பாதையில் கிடந்த இலைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். பெருக்கியதைக் குப்பைப் பையில் அள்ளவில்லை. பாதையோரமாக, மரங்களின் அடியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். விழுந்த இலையை வெளியே கொண்டுபோகாமல் காட்டுக்கே திருப்பித் தருவது இவ்வனத்தின் விதி. அந்த மட்கில்தான் நூறு ஆண்டுகளாக மரங்கள் நிற்கின்றன.

திரும்பும் ரயிலில் எங்களில் மூத்தவள் சொன்னாள்: "அந்தப் பெட்டியைப் பிரிச்சுடலாமா?"

இளையவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே தலையசைத்தாள்.

*

பிரித்ததும் வசம்பு வாசம். சித்திதான் கட்டும்போது போட்டிருக்க வேண்டும். அரக்கு, பாசிப்பச்சை, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, காப்பிப்பொடி, கருநீலம். சுங்குடி என்றால் தெரிந்திருக்கும்: துணியைச் சிறு சிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் தோய்த்துப் பிறகு அவிழ்த்தால், முடிச்சிட்ட இடமெல்லாம் வெண்புள்ளிகளாக மலரும். மதுரையில் சௌராஷ்டிர சமூகத்தார் தலைமுறைகளாகச் செய்துவரும் கலை. 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. கஞ்சி போட்டுக் கட்டினால் மொடமொடவென்று நிற்கும். அம்மாவின் புடவைகள் எத்தனையோ துவைப்புகளைக் கண்டு, கஞ்சியும் முரட்டுத்தனமும் போய், பழைய ஏட்டின் தாளைப் போல மெலிந்திருந்தன. சாயம் சற்றே வெளுத்து, ஒவ்வொரு நிறமும் தன் பக்கத்து நிறத்தோடு சமாதானம் செய்துகொண்டிருந்தது. இதழில் பார்த்த அதே வனத்தின் நிறங்கள். ஆனால் இவை எங்கள் தோலுக்கு அந்நியமில்லை.

சண்டை அப்போதுதான் தொடங்கியது.

அரக்குப் புடவையில் குதிகால் பட்டுப் பட்டுக் கரை நைந்து, ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது. முந்தானையில் மஞ்சள் கறை. ஐந்தரை மீட்டரில் நல்ல பாகத்தை எடுத்தாலே இரண்டு அங்கிகள் தைக்கலாம் என்று மூத்தவள் அளந்தாள். "வெட்டாதக்கா" என்றாள் இளையவள். மூத்தவள் காரணங்களை அடுக்கினாள். இளையவள் காரணமே சொல்லவில்லை. கடைசியில், "கடைசியா அம்மாவைத் தொடக்கூட முடியல. இது ஒண்ணுதான் முழுசா இருக்கு. இதையும் துண்டு போடணுமா?" என்றாள். பிறகு வீட்டில் இரண்டு நாட்கள் பேச்சில்லை. புடவை மடித்தபடி மேசைமேல் கிடந்தது.

மூன்றாம் நாள் சித்தியிடமிருந்து அழைப்பு வந்தது. ஞாயிறுதோறும் வருவதுதான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். "அடி பைத்தியங்களா, உங்கம்மா எந்தப் புடவையைடி முழுசா விட்டு வெச்சா? கிழிஞ்சா உங்களுக்குப் பாவாடை. பாவாடை கிழிஞ்சா தலகாணி உறை. அதுவும் போனா கரித்துணி. நீங்க ரெண்டு பேரும் தூங்குன தூளியே எங்கம்மா புடவைதாண்டி." பிறகு குரல் மாறி, "இருந்திருந்தா அவளே வெட்டியிருப்பா" என்றாள்.

சித்தி சொன்னதைக் கேட்டபோது, முன்பு அசகுசாவில் பார்த்த ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. அங்கே 2019 வரை இயங்கிய சிறிய அருங்காட்சியகம் ஒன்றில், தனாகா சூசாபுரோ என்பவர் வடக்கு ஜப்பானின் அவோமோரிப் பகுதியில் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த 'போரோ' துணிகள் வைக்கப்பட்டிருந்தன. பருத்தி விளையாத குளிர்நாடு அது. உழவர்கள் சணல்நாரில் நெய்ததை உடுத்தி, கிடைத்த பருத்திக் கந்தல்களை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுத் தலைமுறைகளுக்குக் கடத்தினார்கள். அங்கே படுக்கையில் விரிக்கும் ஒரு விரிப்பு உண்டு. முன்னோர் உடுத்திய கந்தல்களால் ஆனது. பிரசவத்தின்போது அதன்மேல்தான் குழந்தையை ஏந்துவார்களாம். பாட்டியின் பழம்புடவையில் முதன்முதலாகச் சுற்றப்பட்ட நமக்கு இது தூரத்துச் செய்தியா என்ன?

அன்று மாலை இளையவளே கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

*

எங்களைப் போல அலமாரியைப் புதுப்பிக்க நினைப்பவர்களுக்காக, கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறோம்.

துணிக்கடைகள் நிறைந்த நிப்போரித் தெருவில் வாங்கியது நூலும், ஒரு மீட்டர் லினனும் மட்டும். புடவைத் துணி நைந்திருந்ததால் தோளிலும் அக்குளிலும் லினனை உள்ளே வைத்துத் தைத்தோம். இழுவை விழும் இடங்களைப் புதுத் துணி தாங்கிக்கொண்டால் பழந்துணி பல ஆண்டு உழைக்கும். கையில்லாத, முழங்காலுக்குக் கீழே இறங்கும், இடுப்பில் பிடிக்காத இரண்டு அங்கிகள் கிடைத்தன. புடவையின் கரையே அங்கியின் கீழ்விளிம்பு ஆயிற்று. நைந்த இடத்தில் ஜப்பானியர்களின் 'சஷிகோ' போல வெள்ளை நூலில் ஓட்டுத் தையல் போட்டோம். புள்ளிகளுக்கு இடையே புள்ளிகளாகவே அது கலந்துவிட்டது.

கறுப்புத் துணிகளைத் தூக்கி எறியவில்லை. அரக்கு அங்கிக்குள் கறுப்புக் கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் அணிந்தால், காட்டில் அடிமரம் தெரிவதைப் போலக் கறுப்பு பின்னுக்குப் போய்விடுகிறது. அடுக்குவதில் ஒரே விதி: உள்ளே இருப்பது ஒட்டி, வெளியே இருப்பது தளர்ந்து. டோக்கியோவின் கோடைப் புழுக்கத்தில் மூன்று அடுக்கு தாங்காது. மல் போன்ற மெல்லிய துணியில் உள்சட்டை ஒன்று, அதன்மேல் அங்கி ஒன்று, அவ்வளவே. கம்பளிச் சால்வை அக்டோபருக்கு. நிறப் பொருத்தத்துக்கு நூல் எதையும் புரட்ட வேண்டாம். வீட்டருகே பூங்காவில் நடந்துவிட்டு வந்து, அன்று கண்ணில் பட்ட மூன்று நிறங்களை அலமாரியில் தேடினால் போதும். சுண்ணாம்பாய்த் தெரிந்த அந்த வெண்ணெய் நிற அங்கிகள்கூட வீணாகவில்லை. வெங்காயச் சருகைக் கொதிக்க வைத்து, படிகாரம் சேர்த்துத் தோய்த்தோம். தேன் நிறத்துக்கும் சாணி நிறத்துக்கும் நடுவே ஏதோ ஒன்றாக வந்தன. எங்களுக்குப் பொருந்துகின்றன.

முதல் நாள் அலுவலகத்துக்கு உடுத்திப் போன இளையவளிடம், நெடுநாள் பேசாத மூத்த ஊழியர் ஒருவர் வந்து, இந்தப் புள்ளிகள் 'ஷிபோரி'யா என்று கேட்டாராம். ஜப்பானியர்கள் கட்டித் தோய்க்கும் முறைக்கு அதுதான் பெயர். "இல்லை, என் அம்மாவுடையது" என்று பதில் சொல்லியிருக்கிறாள். கேள்விக்கு அது பதிலே இல்லை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஆனால் அவர் இரு கைகளையும் சேர்த்துத் தலை தாழ்த்தினாராம்.

மற்ற ஐந்து புடவைகளும் முழுதாகவே இருக்கின்றன. அவை கிழியட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அதற்கு அவற்றைக் கட்ட வேண்டுமல்லவா? ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் சுங்குடி கட்டிக்கொள்கிறோம். பாசிப்பச்சையை யார் கட்டுவது என்பதில் மட்டும் இன்னும் சண்டை உண்டு.

அரக்குப் புடவையில் மிஞ்சிய, மஞ்சள் கறை படிந்த முந்தானைத் துண்டு மடத்தில் இருக்கிறது. அதற்கு இன்னும் ஒரு வேலை வரவில்லை. வரும்.